வியர்க்காத சங்கீதம் எங்கே இருக்கிறது?

இசை அருள்; விளையாட்டு உடம்பு. தில்லியில் கரோல் பாகிலிருந்து மயூர் விஹார் வரை எந்தத் தமிழ் வீட்டில் பேச்சை எடுத்தாலும் இந்தத் தீர்ப்பு ஏதாவது ஓர் உருவில் வந்து நிற்கும். பாட்டு வகுப்புக்குப் போகும் பெண்ணிடம், “கிரவுண்டுல கத்தித் தொண்டையக் கெடுத்துக்காதே” என்பார்கள். வயலின் கற்கும் பையன் கிரிக்கெட் மட்டையைத் தூக்கினால், “விரல் போச்சுன்னா என்னடா பண்ணுவே?” என்பார்கள். ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்து வரும் பிள்ளைக்கு “நல்ல உடம்பு வாகு” என்று ஒரு வரி. கச்சேரியில் கைதட்டல் வாங்கிய பிள்ளைக்கு “பூர்வ ஜென்மப் புண்ணியம்” என்று இன்னொரு வரி. ஒருவனுடைய உழைப்பை உடம்பின் பேரிலும் இன்னொருத்தியின் உழைப்பைக் கடவுள் பேரிலும் எழுதிவிட்டு எழுந்து போகிறோம்.

இந்தக் கருத்தை அதன் நோஞ்சான் வடிவத்தில் பிடித்து அடிப்பது சுலபம். அதன் வலுவான வடிவம் இது. விளையாட்டு நொடியிலும் கிலோவிலும் புள்ளியிலும் முடிகிறது. இசை ரசிகனின் அனுபவத்தில் முடிகிறது. விளையாட்டில் உடம்பே இலக்கு. இசையில் உடம்பு வெறும் வாகனம், பயணிப்பது பாவம் எனும் உணர்வு. பயிற்சி யாரையும் கொஞ்சம் வேகமாக ஓடவைக்கும்; பயிற்சி மட்டும் யாரையும் வித்வான் ஆக்கிவிடாது. முப்பத்தைந்தில் மல்யுத்த வீரன் ஓய்கிறான்; அந்த வயதில்தான் பாடகர் கனியத் தொடங்குகிறார். இப்படிச் சொல்பவர்கள் முட்டாள்கள் அல்ல. அவர்களில் நல்ல ரசிகர்கள் உண்டு, நல்ல வித்வான்களும் உண்டு. ஆகவே ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

பள்ளி ஆண்டு விழாவில் “இரண்டுக்குமே அர்ப்பணிப்பு தேவை” என்று சொல்லிப் பொன்னாடை போர்த்தும் சமாதானமும் எனக்கு வேண்டாம். அர்ப்பணிப்பு என்று பொதுவாகச் சொன்னால் அது திருட்டுத் தொழிலுக்கும் பொருந்தும். 1982இல் தில்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியின் வரவேற்புப் பாடலுக்கு ரவிசங்கர் இசையமைத்தார். பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலம் வென்ற துப்பாக்கி வீராங்கனை மனு பாக்கர் வயலினும் கற்றுக்கொண்டவர். இவற்றையும் ஆதாரமாக வைக்க மாட்டேன். ஒருவர் இரண்டு வேலை செய்வதால் இரண்டும் ஒரே வேலை ஆகிவிடாது.

நான் சொல்வது இன்னும் குறுகலானது. கச்சேரிக்குத் தயாராவதும் களத்துக்குத் தயாராவதும் ஒரே செயல். உடம்பை ஆசானின் கண்முன் வைத்து, பிழை இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்ச் சரிசெய்து, பிறகு பலர் பார்க்க, அழித்து எழுத முடியாத ஒரு கணத்தில் அதைச் செய்துகாட்டுவது. இதைப் பிரித்துவைத்ததால் இரு தரப்புக்கும் நட்டம்.

1. பாட்டு உடம்பில் நடக்கவில்லை என்றால் வேறு எங்கே நடக்கிறது?

5 கட்டை சுருதியில் பாடும் ஒரு பெண் ஆதார ஸட்ஜத்தில் நிற்கும்போது அவருடைய குரல்நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 196 முறை சேர்ந்து பிரிகின்றன. மேல் ஸட்ஜத்தில் அது இரட்டிப்பாகிறது. கீழே நின்றாலே நிமிடத்துக்கு 11,700 தடவைக்கு மேல். இரண்டரை மணி நேரக் கச்சேரிக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளலாம். எந்தப் பந்துவீச்சாளரின் தோளும் இத்தனை மோதலைத் தாங்குவதில்லை.

தவில்காரரின் வலக்கையைப் பாருங்கள். துணியும் பசையுமாகச் செய்து காயவைத்த கூடுகளை விரல்களில் மாட்டாமல் அவர் வாத்தியத்தைத் தொட முடியாது. குத்துச்சண்டை வீரன் கையில் சுற்றும் பட்டையைப் பாதுகாப்பு உபகரணம் என்கிறோம். இதை மட்டும் சம்பிரதாயம் என்கிறோம்.

1980களின் பிற்பகுதியில் அமெரிக்க சிம்பொனி இசைக்குழுக்களில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. பதில் சொன்ன 2,212 கலைஞர்களில் 76 சதவீதம் பேர், வாசிப்பைப் பாதிக்கும் அளவுக்குக் கடுமையான உடல்நலச் சிக்கல் ஒன்றாவது தங்களுக்கு இருப்பதாகச் சொன்னார்கள். வாகனம் வெறும் வாகனம்தான் என்றால் நாலில் மூன்று பங்கு பேர் ஏன் வழியில் நிற்கிறார்கள்?

குமார் கந்தர்வாவின் கதை இந்த வாதத்தை முடித்துவைக்கிறது. 1940களின் கடைசியில் காசநோய் அவரைப் படுக்கவைத்தது. ஒரு நுரையீரல் செயலிழந்தது. சில ஆண்டுகள் அவரால் பாட முடியவில்லை. மீண்டு வந்தபோது அவர் பாடிய பாணி வேறு: சின்னச் சின்ன வீச்சு, திடீர் நிறுத்தங்கள். கற்றது எதையும் அவர் இழந்திருக்கவில்லை. மாறியது மூச்சு, அதனால் மாறியது சங்கீதம். பாவம் மேலே எங்கோ மிதக்கிறது என்பவர்கள் இந்த ஒரு பாடகரை விளக்கட்டும்.

2. வரம் என்று கைகூப்புவது மரியாதை போலத் தோன்றும். அது உழைப்பைத் திருடுவது.

பயிற்சியைப் பற்றி இன்று விளையாட்டுப் பயிற்சியாளர்கள் மேற்கோள் காட்டும் ஆய்வு மைதானத்தில் பிறந்ததில்லை. 1993இல் ஆண்டர்ஸ் எரிக்சனும் இரண்டு சக ஆய்வாளர்களும் பெர்லின் இசைக் கல்லூரி ஒன்றின் வயலின் மாணவர்களை வைத்துச் செய்தது அது. மிகச் சிறந்த மாணவர்கள் தனியே பயிற்சி செய்த நேரம் அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர்கள் மற்றவர்களைவிட அதிகம் தூங்கினார்கள், பகலிலும் கண்ணயர்ந்தார்கள் என்ற பாதியை யாரும் சொல்வதில்லை. நாள் முழுக்க இழுத்துக்கொண்டிருக்காமல் பகுதி பகுதியாகப் பயிற்சி, இடையில் ஓய்வு. ஓட்டக்காரர்களின் அட்டவணையும் இப்படித்தான் இருக்கும்.

எதிர்த்தரப்பு உடனே சொல்லும்: “பயிற்சியே எல்லாம் இல்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டிவிட்டனவே!” காட்டின. 2014இல் மக்னமாரா, ஹாம்ப்ரிக், ஆஸ்வால்ட் என்ற மூவர் பழைய ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார்கள். ஆளுக்கு ஆள் உள்ள திறமை வித்தியாசத்தில் திட்டமிட்ட பயிற்சியால் விளக்கக்கூடிய பங்கு இசையில் 21 சதவீதம், விளையாட்டில் 18 சதவீதம். பயிற்சிக்கு எட்டாத ஏதோ ஒன்று பெரிய அளவில் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கிறது. சொல்லப்போனால் பயிற்சியின் பங்கு இசையில்தான் ஒரு பிடி கூடுதல். வரத்தைப் பாடகரிடமும் உழைப்பை ஓட்டக்காரரிடமும் பங்கு பிரித்துக் கொடுத்தது யார்?

3. சாதகம் வேறு, டிரெயினிங் வேறு என்பவர்கள் இரண்டையும் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை.

பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். இரண்டுமே இந்த ஊரில் இருக்கின்றன. வடதில்லியில் பிர்லா மில்லை ஒட்டி 1925இல் தொடங்கிய அகாடா, அதாவது மல்யுத்தப் பயிற்சிக்கூடம், குரு ஹனுமானுடையது. விடியுமுன் எழுந்து தண்டால், பஸ்கி, பிறகு மண்ணில் ஜோடி ஜோடியாக ஒரே பிடியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது. பழைய தில்லியில் பதினெட்டாம் நூற்றாண்டில் உருவான தபலா கரானா என்ற வாசிப்புப் பரம்பரை அந்த அகாடாவுக்கும் மூத்தது. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் பிரதானமாகக் கொண்ட வாசிப்பு. அதன் உயிர் காயதா: ஒரு சிறிய சொற்கட்டை எடுத்து, அதற்குள் இருக்கும் சொற்களை மட்டும் வைத்து, வரிசையை மாற்றி மாற்றி விரித்து, முதலில் நிதானமாக, பிறகு இரட்டிப்பு வேகத்தில் வாசிப்பது. அது மேடையில் வாசிக்கும் உருப்படி. அதுவே தினப் பயிற்சியும். நாற்பது நாள் தனித்திருந்து சாதகம் செய்யும் சில்லா என்ற வழக்கமும் தபலாக்காரர்களிடம் உண்டு. போட்டிக்கு முந்தைய பயிற்சி முகாம் அதைவிடக் கடுமையானது என்று சொல்ல முடியுமா?

நம் சரளி வரிசை மூன்று காலத்தில் வருவதும் இதே தர்க்கம்தான். தாளம் நகராது, ஸ்வரங்கள் இரட்டிக்கும், மறுபடி இரட்டிக்கும். முதல் காலத்தில் ஸ்வரம் சுத்தமாக நிற்காதவரை நல்ல பாட்டு டீச்சர் இரண்டாம் காலத்துக்கு விடமாட்டார். பிடி சரியாக விழாதவரை எதிராளி முழு பலத்தையும் காட்ட அகாடாவின் உஸ்தாத் சம்மதிக்க மாட்டார். வேகத்தையும் எதிர்ப்பையும் பிழை குறைந்த பின்னரே கூட்ட வேண்டும் என்று இருவரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். உடம்பு ஒன்றாக இருப்பதால் விடையும் ஒன்றாக வந்தது.

பாவம் எங்கே வருகிறது என்பதும் இங்கேதான் விளங்கும். பிருகாவை எப்படிப் போடுவது என்று தொண்டை யோசித்துக்கொண்டிருக்கும்வரை ராகத்துக்கு இடமில்லை. யோசனை உடம்பைவிட்டு நீங்கிய பிறகே மனம் விடுபடுகிறது. எதிராளியின் தோள் அசையுமுன் அவன் நோக்கத்தைப் படிக்கும் மல்லனுக்கும் அந்த விடுதலை அதே வழியில்தான் கிடைத்தது.

4. அளக்க முடியாதது கலை என்கிறீர்கள். ஆனால் காலமெல்லாம் அளந்துகொண்டே இருக்கிறீர்கள்.

சுருதி விலகினால் தெரியும். கோர்வை சமத்தில் வந்து விழாவிட்டால் முதல் வரிசை மாமாவின் தொடையே தீர்ப்புச் சொல்லிவிடும். ஆகாசவாணி 1950களின் தொடக்கத்திலிருந்து கலைஞர்களுக்குக் குரல்தேர்வு வைத்து பி, பி-ஹை, ஏ, டாப் என்று தரம் பிரித்துச் சன்மானம் நிர்ணயிக்கிறது. அந்தத் தரத்தைப் பெயருக்குப் பக்கத்தில் அச்சிடும் அழைப்பிதழ்களும் உண்டு. மறுபக்கம், ஜிம்னாஸ்டிக்ஸையும் நீச்சல் குளத்து டைவிங்கையும் எந்தக் கடிகாரம் அளக்கிறது? நடுவர்கள் உட்கார்ந்து பார்த்துத்தான் மதிப்பெண் போடுகிறார்கள்.

1912 முதல் 1948 வரை ஒலிம்பிக்கில் இசையமைப்பும் ஒரு பதக்கப் பிரிவு. பிறகு கலைப் பிரிவுகளை எடுத்தார்கள். கலைஞர்கள் தொழில்முறையாளர்கள், ஒலிம்பிக்கோ அமெச்சூர்களுக்கானது என்பதுதான் சொன்ன காரணம். இன்று ஒலிம்பிக் களம் முழுக்கத் தொழில்முறை வீரர்கள். காரணம் செத்துவிட்டது, பிரிவினை மட்டும் உயிரோடு இருக்கிறது.

5. வயது வித்தியாசம் உண்மை. அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவு தலைகீழ்.

இந்த ஓர் இடத்தில் எதிர்த்தரப்பு சொல்வது சரி. செம்மங்குடி சீனிவாசய்யர் தொண்ணூறைத் தொட்ட வயதிலும் மேடையேறினார். எந்த மல்யுத்த வீரராலும் அப்படி இறங்க முடியாது. ஆனால் பத்துப் பதினைந்து வருடம் மட்டும் தேவைப்படும் உடம்புக்கு மருத்துவர், உணவு நிபுணர், பிசியோதெரபிஸ்ட் என்று ஒரு படையே நிற்கிறது. அறுபது வருடம் தேவைப்படும் உடம்புக்கு வெந்நீரும் மிளகும் பனங்கற்கண்டும். நீண்ட ஓட்டம் ஓடுபவருக்குக் குறைவான கவனிப்பு போதும் என்ற முடிவை எந்தக் கணக்குப்படி அடைந்தீர்கள்?

6. இந்தப் பிரிவினையின் வேர் அழகியலில் இல்லை, அந்தஸ்தில் இருக்கிறது.

இசை முழுவதையும் நாம் உடம்பற்றதாகக் கருதியதே இல்லை. உட்கார்ந்து பாடுவதை ஞானம் என்றோம். தெருவில் நடந்துகொண்டே, கோயில் ஊர்வலத்தில் இரவு முழுக்க நாகஸ்வரம் ஊதுவதையும் தவில் அடிப்பதையும் வேலை என்றோம். நிற்கவைத்தே வாசிக்கச் சொன்னோம். உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று டி.என். ராஜரத்தினம் பிள்ளை பிடிவாதம் பிடிக்க வேண்டியிருந்தது. 1947 ஆகஸ்ட் 14 அன்று திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் தில்லிக்கு வந்து வாசித்தவர் அவர். தேசம் பிறக்கும் இரவில் கேட்கத் தகுந்த அந்த வாத்தியத்தை சபாவின் பிரதான மேடை எளிதில் அனுமதித்ததில்லை.

யாருடைய வியர்வை கண்ணுக்குத் தெரிந்ததோ அவரைக் கீழே வைத்தோம். அதே அளவுகோல்தான் மல்லனிடமும் போகிறது: “பயில்வானுக்கு மூளை முழங்காலில்.” உடம்பால் உழைப்பவருக்குப் புத்தி குறைவு என்ற பழைய சாதிப் பாடத்தை, கலை வேறு விளையாட்டு வேறு என்ற நாகரிகமான வாக்கியத்துக்குள் மடித்து வைத்திருக்கிறோம்.

7. இருவரையும் புனிதமாக்குவதும் இதே தவறின் மறுபக்கம்.

இசை பண்படுத்தும், விளையாட்டு ஒழுக்கம் தரும் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. குரு ஹனுமானின் சீடர் சத்பால், 1982 ஆசிய விளையாட்டில் தில்லியிலேயே தங்கம் வென்றார். அவர் சத்ரசால் ஸ்டேடியத்தில் உருவாக்கியவர் சுஷீல் குமார்: 2008 ஒலிம்பிக்கில் வெண்கலம், 2012 ஒலிம்பிக்கில் வெள்ளி. எந்த கரானாவும் பெருமைப்படக்கூடிய சீடர் வரிசை. அதே ஸ்டேடியத்தில் நடந்த ஒரு கொலை வழக்கில் 2021இல் சுஷீல் கைதானார். 2023இல் ஒலிம்பிக் பதக்கம் வென்ற வீரர்களே ஜந்தர் மந்தரில் உட்கார்ந்து, மல்யுத்த சம்மேளனத் தலைவர் மீது பாலியல் துன்புறுத்தல் புகார் சொன்னார்கள். 2018இல், அதே மாதிரியான புகார்கள் எழுந்தபின் சென்னை மியூசிக் அகாடமி ஏழு கலைஞர்களைத் தன் டிசம்பர் விழாப் பட்டியலிலிருந்து நீக்கியது.

ஆசான் சொல்வதை உடம்பு கேட்டே ஆக வேண்டும் என்பது இரண்டு பயிற்சிகளுக்கும் அடித்தளம். அதுவே இரண்டுக்கும் பொதுவான ஆபத்து. இசையில் அதற்கு குருபக்தி என்று பெயர் வைத்துவிட்டதால் கேள்வி கேட்பது அபசாரம் ஆகிறது. சாதகத்தை உடற்பயிற்சி என்று ஒப்புக்கொண்டால், தொடும் கைக்கும் வரம்பு உண்டு என்று எழுதிவைக்க முடியும்.

8. இதெல்லாம் வெறும் வாதம் என்பவர்களுக்கு: விளைவுகள் இந்த நகரத்திலேயே இருக்கின்றன.

சஃப்தர்ஜங் மருத்துவமனையில் 2010இல் விளையாட்டுக் காயங்களுக்கென்றே தனி மையம் திறந்தார்கள். பாராட்ட வேண்டியது. இசைக்கலைஞரின் கைக்கும் தொண்டைக்கும் அப்படி ஒரு பெயர்ப்பலகையை நான் இங்கே பார்த்ததில்லை. மணிக்கட்டு வலியை வயலின்காரர் எலும்பு டாக்டரிடம் சொன்னால், “கொஞ்ச நாள் வாசிக்காதீங்க” என்பதோடு மருத்துவம் முடிகிறது.

2017 நவம்பரில் காற்று நஞ்சாக இருக்கிறது, தில்லி அரை மாரத்தானைத் தள்ளிவையுங்கள் என்று மருத்துவர் சங்கம் போராடியது. அடுத்த ஆண்டு ஓட்டம் அக்டோபருக்கு நகர்ந்தது. அதே 2017 டிசம்பரில் ஃபெரோஸ் ஷா கோட்லாவில் இலங்கை வீரர்கள் முகமூடி அணிந்து டெஸ்ட் ஆடியதை உலகமே பார்த்தது. அந்தக் காற்றைத்தான் பாடகரும் நாபி வரை இழுத்துப் பாடுகிறார். கச்சேரியைத் தள்ளிவைக்கச் சொல்லி யாராவது போராடினார்களா?

தில்லிப் பல்கலைக்கழகம் விளையாட்டுக்கும், கலை உள்ளிட்ட பாடம்சாராத் திறமைகளுக்கும் சேர்த்து 5 சதவீதம் வரை கூடுதல் இடம் வைத்திருக்கிறது. காகிதத்தில் இரண்டும் ஒன்று. 2020இல் பெருந்தொற்றால் நேரடித் தேர்வு நடத்த முடியாமல் போனபோது விளையாட்டுக்குச் சான்றிதழை வைத்துச் சேர்க்கை நடந்தது. மற்றப் பக்கம் என்.சி.சி., என்.எஸ்.எஸ். மட்டும் தப்பின, பாடுபவருக்கும் வாசிப்பவருக்கும் அந்த ஆண்டு கதவு இல்லை. ஓடியவனின் உழைப்புக்குக் காகிதச் சாட்சி போதும், பாடியவளின் உழைப்புக்குப் போதாது.

எல்லாவற்றையும்விட வேடிக்கை நம் வீடுகளில் நடக்கிறது. இசை தெய்வீகம், விளையாட்டு லௌகீகம் என்று பிரித்தவர்கள், பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வந்ததும் இரண்டையும் ஒரே மாதத்தில் நிறுத்துகிறார்கள். தம்பூராப் பெட்டியும் ஸ்போர்ட்ஸ் ஷூவும் ஒரே பரண்மேல் ஏறுகின்றன. தத்துவத்தில் வேறு வேறு. வெட்டும்போது மட்டும் சமம்.

ஆகவே கேட்பது இதுதான். பாட்டு வகுப்பிலும் வாத்திய வகுப்பிலும் உடம்பைத் தயார்ப்படுத்துவதும் ஓய்வும் பாடத்தின் பகுதியாகட்டும். வலிக்கிறது என்று சொல்லும் மாணவியைச் சோம்பேறி என்பது நிற்கட்டும். விளையாட்டு மருத்துவ மையங்கள் இசைக்கலைஞர்களுக்கும் ஒரு நாளை ஒதுக்கட்டும். புகார் சொல்லும் வழியை இசைப் பள்ளிகளும் அகாடாக்களும் சுவரில் எழுதிவைக்கட்டும். பத்தாம் வகுப்பில் நேரத்தைக் குறையுங்கள், அறுத்து எறியாதீர்கள்.

இன்னமும் இரண்டும் வேறு என்பவர், சாதகத்தில் இருக்கிற, ஆனால் பயிற்சியில் இல்லாத ஒன்றைக் காட்டட்டும். அல்லது பயிற்சியில் இருக்கிற, ஆனால் சாதகத்தில் இல்லாத ஒன்றை. பக்தி என்று ஒற்றைச் சொல்லில் தப்பிக்க முடியாது. விடியுமுன் ஹனுமானைக் கும்பிட்டுவிட்டு மண்ணில் இறங்கும் மல்லனிடம் அதுவும் இருக்கிறது.